டயரைப் பெருசாக்குறதுக்கு முன்னாடி கிரவுன் பல்லை எண்ணிப் பாருங்க

போன ஞாயித்துக்கிழமை அக்கா மகன் தோட்டத்துக்கு வந்திருந்தான். வீரபாண்டி பிரிவுப் பக்கம் தையல் மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் பண்றவன். பழைய டீசல் ஜீப்பு ஒண்ணு, ஃபோர் வீல் டிரைவ், விலை பேசி முடிச்சுட்டானாம். காப்பி குடிக்கக்கூட விடலை, போனை நீட்டிட்டான்.

"ஏனுங் மாமா, இதைப் பாருங்க. நாலு இன்ச்சு லிஃப்ட்டு, முப்பத்தி மூணு இன்ச்சு டயரு. நம்ம ஜீப்பையும் இப்படிப் பண்ணிடலாமுங்களா?"

படத்துல இருந்த வண்டி பார்க்க ஜம்முன்னுதான் இருந்துச்சு. ஆளு ஏறணும்னா முக்காலி வேணும், அவ்வளவு உசரம்.

"நல்லாத்தான் இருக்குது மாப்பிள்ளை. உன்ற வண்டியில கிரவுன் பல்லு எத்தனை?"

"அதென்னங் மாமா?"

அதைத்தான் இன்னைக்கு எழுதறேன். டவுனுல இருக்கறவங்க நெறைய பேரு இப்ப ஜீப்பு வாங்கறீங்க. லீவு விட்டா மலைக்கு, காட்டுக்குன்னு கிளம்பறீங்க. நல்லதுதான். ஆனா எல்லாரும் மொதல்ல டயர் கடைக்குத்தான் போறீங்க. அச்சுக்குள்ள என்ன பல்லு இருக்குதுன்னு கேக்கறதுக்கு ஒருத்தரையும் காணோம். என்னைக் கேட்டா பல்லைப் பாத்துட்டுத்தான் டயரைப் பாக்கணும். பல்லை மாத்தக் காசு இல்லைன்னா டயரையும் மாத்தக் கூடாது.

எங்க அப்பாரு காலத்து மாட்டு வண்டிச் சக்கரம் பெருசு, ஒரு ஆளு நெஞ்சு உசரம் வரும். இட்டேரியில குழி, கல்லு, வண்டித்தடம் எதுல எறங்குனாலும் பெரிய சக்கரம் சுலுவா ஏறிப் போயிரும். அதைப் பாத்து வளந்ததால பெரிய சக்கரம்னா நல்லதுன்னு எங்களுக்கும் ஒரு நெனப்பு ஊறிப் போயிருக்குது. ஆனா மாட்டு வண்டியில அச்சு சும்மா நிக்கும். மாடு இழுக்குது, சக்கரம் தானா உருளுது. ஜீப்புல அப்படி இல்லை. என்ஜின் அச்சைத் திருகுது, அச்சு சக்கரத்தைத் திருகுது, சக்கரம்தான் வண்டியைத் தள்ளுது. இழுத்துட்டுப் போற சக்கரத்துக்குப் பெருசு சுகம், திருகற சக்கரத்துக்குப் பெருசு பாரம். தண்ணி வாளியை உடம்போட ஒட்டித் தூக்கிப் பாருங்க, அப்பறம் கையை நீட்டித் தூக்கிப் பாருங்க. வாளி அதேதான், கை கடுக்கறது மட்டும் கூடிப்போகும். டயரைப் பெருசாக்குனா என்ஜின் கையை நீட்டித் தூக்கற மாதிரி ஆயிருது.

சரி, அந்தப் பல்லு எங்க இருக்குது? ஜீப்புக்கு அடியில குனிஞ்சு பாத்தீங்கன்னா ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை தெரியும். மெக்கானிக் ஹவுசிங்னு சொல்லுவாரு. அதுக்குள்ள பினியன்னு சின்ன பல்சக்கரம் ஒண்ணு, கிரவுன்னு பெரிய பல்சக்கரம் ஒண்ணு. கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாஃப்ட்டு பினியனைச் சுத்தும், பினியன் கிரவுனைச் சுத்தும், கிரவுன் சக்கரத்தைச் சுத்தும். பினியன்ல 8 பல்லு, கிரவுன்ல 39 பல்லுன்னு வெச்சுக்குங்க. ஷாஃப்ட்டு 4.88 சுத்து சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். இந்த நம்பரைத்தான் ரேஷியோன்னு சொல்றது. நம்பர் கூடக் கூட இழுவை கூடும், ஓட்டம் குறையும்.

இந்த 8-க்கு 39 நானாச் சொல்லலை. ரெண்டாம் உலகப் போர்ல ஓடுன வில்லிஸ் ஜீப்புல இருந்தது இந்தப் பல்லுதான், டயரு 6.00-16. போர் முடியற 1945-ல அதே கம்பெனி, பட்டாளத்துக்குப் பண்ணுன வண்டியை விவசாயிகளுக்கு விக்கலாம்னு சிஜே-2ஏ-ன்னு ஒரு ஜீப்பைக் கொண்டு வந்துச்சு. ஏர் பூட்டலாம், பின்னாடி பிடிஓ மாட்டி மெஷின் ஓட்டலாம்னு சொல்லி வித்தாங்க. அதுக்கு என்ன மாத்துனாங்க தெரியுங்களா? டயரு அதே 6.00-16-தான். அச்சுக்குள்ள பல்லை 8-க்கு 43 ஆக்கிட்டாங்க, அதாவது 5.38. காட்டுல வேலை செய்யணும்னா இழுவைதான் வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. மகிந்திரா பம்பாயில வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது 1940-கள் கடைசியில. இன்னைக்கு நாம ஜீப்புன்னு சொல்றது எல்லாமே அந்த வம்சம்தான். எம்பது வருசம் ஆகப் போகுது. நாம என்னடான்னா பல்லை அப்படியே விட்டுட்டு டயரை மட்டும் ஊதிப் பெருசாக்கறோம்.

மாப்பிள்ளைக்கு ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டுனேன். உங்களுக்கும் சொல்றேன், பத்தாவது படிச்ச கணக்கே போதும். 6.00-16 டயரோட உசரம் ஏறத்தாழ 29 இன்ச்சு. அவன் கேக்கறது 33. வித்தியாசம் 14 பர்சென்ட்டு கிட்ட வருது. பழைய இழுவை திரும்ப வேணும்னா பழைய ரேஷியோவைப் புது டயர் உசரத்தால பெருக்கி, பழைய டயர் உசரத்தால வகுக்கணும். 4.88-ஐ 33-ஆல பெருக்கி 29-ஆல வகுத்தா 5.55 வரும். அந்த நம்பருக்குப் பல்லு கிடைக்காது. பக்கத்துல இருக்கறது 5.38. அதைப் போட்டா 29 இன்ச்சு டயருக்கு 4.73 ரேஷியோ இருந்த மாதிரி ஓடும். பழசை விடக் கொஞ்சூண்டு குறைவு, பரவாயில்லை, சமாளிக்கலாம்.

"டயரு பெருசானா என்ஜின் சுத்து கம்மியாகுமுங்கல்ல மாமா, டீசல் மிச்சமாகாதுங்களா?"ன்னு கேட்டான். நல்ல கேள்விதான், நெறைய பேரு இப்படித்தான் நெனைக்கறாங்க. 29 இன்ச்சு டயரு, 4.88 பல்லு, டாப் கியரு, 80-ல போனா என்ஜின் நிமிசத்துக்கு ஏறத்தாழ 2,800 சுத்து சுத்தும். 33 டயரைப் போட்டா 2,470-க்கு எறங்கிரும். சமதரையில, காத்து எதுக்காம இருந்தா அது லாபந்தான். ஆனா ஒரு மேடு வந்துச்சுன்னா அந்தச் சுத்துல என்ஜினுக்கு மூச்சு வாங்கும். நீங்க ஒரு கியரு எறக்குவீங்க. எறக்குன கியர்ல அது கத்தும். இந்தக் கியர்ல முனகும், அந்தக் கியர்ல கத்தும், இடையில ஒண்ணு இல்லாம போயிரும். நாள் முச்சூடும் கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு கால் மரத்துப் போகும், மிச்சம் பிடிச்ச டீசல் காசு கிளட்ச் பிளேட்டுக்குப் போயிரும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். முள்ளு 60-ல நிக்கறப்ப வண்டி 68-ல போகும்.

இதையெல்லாம் நான் புஸ்தகத்துல படிச்சுக் கத்துக்கலை, திம்பத்துல கத்துக்கிட்டேன்.

1999-ன்னு நெனைக்கறேன். பால் கேன், தவுட்டு மூட்டை ஏத்தறதுக்குன்னு ஒரு பழைய ஜீப்பு வெச்சிருந்தேன். 8-க்கு 39 பல்லுதான். டெம்போவுல இருந்து கழட்டுன 7.50-16 டயரு நாலு மலிவா கிடைச்சுது. உசரம் 32 இன்ச்சு வரும். பழசுக்கும் இதுக்கும் 10 பர்சென்ட்டுதானே, என்ன ஆயிரப் போகுதுன்னு மாட்டிட்டேன். ஊர்ல எல்லாரும் நின்னு பாத்தாங்க. எனக்கும் அப்ப வயசு முப்பதுக்குள்ள, சொல்லவே வேண்டாம்.

கறவை மாடு பார்க்க ஐயனைக் கூட்டிக்கிட்டு தாளவாடிப் பக்கம் கிளம்புனேன். அவிநாசி, புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி. பண்ணாரியில அம்மனைக் கும்பிட்டுட்டு மலை ஏறுனா திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு. ஏறறப்பவே சரியில்லை. முன்னாடி ரெண்டாவது கியர்ல சத்தமில்லாம ஏறுன வளைவுல இப்ப என்ஜின் தடுமாறுது, மொதல் கியருக்குப் போனா ஆமை மாதிரி நகருது. வளைவுக்கு வளைவு கிளட்ச்சைப் பாதி மிதிச்சுத்தான் ஏத்துனேன். மேல போய்ச் சேர்றப்ப கருகுன நாத்தம். லோ ரேஞ்ச் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. இந்த மாதிரி ஜீப்புல லோ போட்டா முன் அச்சும் சேந்துக்கும். காஞ்ச தார் ரோட்டுல, அதுவும் கொண்டை ஊசி வளைவுல, முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும். நடுவுல விட்டுக் கொடுக்க ஒண்ணும் இல்லாததால எல்லாம் முறுக்கிக்கும். லோ ரேஞ்ச் சேத்துக்கும் மணலுக்கும் போட்டது, தார் ரோட்டுக்கு இல்லை.

மாடு பிடிக்கலை, வெலை ஒத்து வரலை. திரும்பறப்பதான் வெனை. இறக்கத்துல எப்பவும் போல ரெண்டாவது கியர்ல விட்டேன். முன்னாடி அந்தக் கியரே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும், பிரேக்கை அப்பப்ப தொட்டாப் போதும். இப்பப் பிடிக்கலை. என்ஜின் பிடிச்சு நிறுத்தற பலமும் அதே பல்லு வழியாத்தானே சக்கரத்துக்கு வரணும்! ஏத்தத்துல இழுவை எவ்வளவு குறைஞ்சுதோ, இறக்கத்துல பிடியும் அவ்வளவு குறையும். பிரேக்குக்கும் இதே கதைதான். டிரம்மு அதே டிரம்மு, டயரு உசரமானா தரையில கிடைக்கற பிடி குறைஞ்சிரும். வளைவுக்கு வளைவு மிதிச்சுக்கிட்டே வந்தேன். பாதி மலைக்கு மேல எறங்குனப்ப பெடல் கீழ போகுது, வண்டி நிக்க மாட்டேங்குது. எதுக்கால மரம் ஏத்துன லாரி ஒண்ணு வளைவுல திரும்பிக்கிட்டு இருக்குது. மலைப் பக்கமா இருந்த சாக்கடைக்குள்ள ஜீப்பை விட்டு மண்ணுல மோதி நிறுத்துனேன். ஐயனுக்கு முழங்காலு டேஷ்போர்டுல அடிச்சு வீங்கிருச்சு. எறங்கி ஒரு கல்லு மேல உக்காந்து வெத்தலை போட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அந்தப் பக்கம் பள்ளம், எத்தனை அடின்னு நான் எட்டிப் பாக்கலை.

பிரேக் லைனிங்கும் பழசு, அதையும் ஒத்துக்கறேன். டயரு மேல மட்டும் பழியைப் போட முடியாது. ஆனா அதே லைனிங்கோட, பழைய டயர்ல, அதே மலையை ரெண்டு மூணு தடவை எறங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகலை. 10 பர்சென்ட்டுதான். அந்த வாரமே 6.00-16-ஐத் திரும்ப மாட்டிட்டேன்.

"டிராக்டருக்கு அவ்வளவு பெரிய டயரு இருக்குதுங்களே, அது எப்படிங் மாமா இழுக்குது?"ன்னு மாப்பிள்ளை மடக்கப் பாத்தான். எங்க டிராக்டர்ல பின் டயரு 13.6-28. நாலேகால் அடிக்கு மேல உசரம். அதைத் திருக முடியறதுக்குக் காரணம், கிரவுன் பினியன் தாண்டி சக்கரத்துக்குப் பக்கத்துல இன்னொரு பல் செட் இருக்குது. கியர்பாக்ஸ்ல ஒரு தடவை, கிரவுன்ல ஒரு தடவை, கடைசியில இன்னொரு தடவைன்னு சுத்தைக் குறைச்சுக் குறைச்சுத்தான் அந்த டயருக்குப் போகுது. டயரைப் பெருசாப் போட்டவன் பல்லையும் சேத்துப் போட்டிருக்கான்.

இன்னொண்ணும் டிராக்டர்ல பாத்திருக்கேன். ஃபோர் வீல் டிராக்டர்ல முன் டயரு சின்னது, பின் டயரு பெருசு. ரெண்டும் சேந்து ஓடற மாதிரி பல்லைக் கணக்குப் பண்ணிப் போட்டிருப்பாங்க. முன் சக்கரம் ஒரு துளி முந்திச் சுத்தணும், அப்பத்தான் வண்டியை இழுக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஒருத்தரு பின் டயரை மட்டும் ஒரு சைஸ் கூட்டிப் போட்டாரு. 4 பர்சென்ட்டு வித்தியாசம்தான். முன் சக்கரம் இழுக்கறதை விட்டுட்டு பின்னாடி இருந்து தள்ளுப்பட்டுக்கிட்டே போச்சு, முன் டயரு ஒரே வருசத்துல தேஞ்சு போச்சு. ஜீப்புல இது இன்னும் கறார். முன் அச்சுலயும் பின் அச்சுலயும் ஒரே ரேஷியோ இருக்கணும், நாலு டயரும் ஒரே சைஸா இருக்கணும். செலவைக் குறைக்கறேன்னு பின் அச்சுக்கு மட்டும் 43 பல்லு போட்டுட்டு முன்னாடி 39-ஐ விட்டு வெச்சீங்கன்னா, ஃபோர் வீல் போட்ட அன்னைக்கே டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஏதாவது உடையும். அதனால பல்லு மாத்தறதுன்னா ரெண்டு செட்டு. சும்மா மாட்டிட்டும் வர முடியாது. பல்லுல சாயம் தடவிச் சுத்தி, தடம் எங்க பதியுதுன்னு பாத்து, ஷிம் வெச்சு உக்கார வெக்கணும். அது தெரிஞ்ச கை இப்பக் குறைஞ்சு போச்சு. சரியா உக்காரலைன்னா ஹவுசிங் நாய் மாதிரி ஊளையிடும், கொஞ்ச நாள்ல பல்லு போயிரும்.

லிஃப்ட் பத்தியும் சொல்லிர்றேன். நாலு இன்ச்சு தூக்குனா வண்டிக்கு அடியில நாலு இன்ச்சு இடம் கிடைக்கும்னு நெனைக்கறாங்க. அச்சு ஒரே குழாயா இருக்கற இந்த மாதிரி ஜீப்புல கிடைக்காது. தூக்கறது பாடியை. அந்தப் பூசணிக்காய் உருண்டை சக்கரத்தோட சேந்து அங்கேயேதான் இருக்கும், கல்லுல மொதல்ல இடிக்கறதும் அதுதான். அதைத் தூக்கறது டயரு மட்டுந்தான். 29-ல இருந்து 33-க்குப் போனா அது தூக்கறது ரெண்டே இன்ச்சு, பாதி மேல, பாதி கீழ. லிஃப்ட்டுங்கறது பெரிய டயரு பாடியில உரசாம இருக்க இடம் பண்றதுக்குத்தான் முக்கியமா. அந்த ரெண்டு இன்ச்சுக்காக ஷாஃப்ட் சாய்வு கூடி யுனிவர்சல் ஜாயிண்ட் தேயுது, பிரேக் ஹோஸ் இழுத்துப் பிடிக்குது, வண்டியோட கனம் மேல போகுது. எங்க இட்டேரியில ஒரு சக்கரம் வரப்பு மேலயும் ஒரு சக்கரம் பள்ளத்துலயும் போற எடம் நெறைய. உசரமான வண்டி அங்க சாயறப்ப வயித்தைக் கலக்கும்.

சட்டமும் ஒண்ணு இருக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிருச்சு. போலீசு நிறுத்தறது கிடக்கட்டும், விபத்துன்னு ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல டயரைத்தான் அளப்பான்.

அப்ப என்னதான் போடறது? நம்ம பக்கம் என்ன தரைன்னு பாருங்க. மழை பேஞ்சா செம்மண் சேறு, அரை அடி ஒரு அடி, அதுக்கு அடியில கெட்டித் தரை. அதுக்கு ஒல்லியான டயருதான் நல்லது, சேத்தை வெட்டிக்கிட்டு அடித்தரையைப் பிடிக்கும். அகல டயரு சேத்து மேல மெதந்து வழுக்கும். ஓடை மணல்னா அகலம் வேணும், ஆனா அதுக்கு டயர் மாத்த வேண்டியதில்லை, காத்தை எறக்குனாப் போதும். 28-ல இருந்து 18-க்கு எறக்கி விட்டா டயரு தரையில நீளமாப் படுத்துக்கும், மணல்ல நடந்து போயிரும். ரோட்டுக்கு வந்ததும் மறக்காம காத்தை ஏத்திரணும். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஜீப்புல போயிருப்பீங்க. கல்லும் குழியுமா அந்தப் பாதையில உங்க இடுப்பு கழண்டிருக்கும். அந்த ஜீப்புகளோட டயரைப் பாத்தீங்களா? சாதாரண டயருதான். தெனமும் ஆளை ஏத்திக்கிட்டு அந்த மலையை ஏறி எறங்கற டிரைவருங்க, இழுவையையும் பிடியையும் விட்டுக் கொடுத்துட்டு அழகு பாக்கறதில்லை.

மாப்பிள்ளை மூஞ்சி வாடிருச்சு. சரி, வண்டியைக் கொண்டு வா, பல்லையாவது எண்ணலாம்னு சொன்னேன். சாயங்காலமே ஓட்டிட்டு வந்துட்டான். நீங்களும் பண்ணிப் பாக்கலாம். சமதரையில நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டூ வீல்ல போட்டு, கியரை நியூட்ரல்ல வெச்சு, பின் சக்கரம் ஒண்ணை மட்டும் ஜாக்கி வெச்சுத் தூக்குங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம அச்சுக்கு அடியில ஒரு மரத்துண்டு கொடுங்க. ஷாஃப்ட்டுல சாக்பீஸ்ல ஒரு கோடு, டயர்ல ஒரு கோடு. டயரைச் சரியா ரெண்டு சுத்து கையால சுத்துங்க. ஒரு சக்கரம் தரையில நிக்கறதால ரெண்டு சுத்து சுத்துனாத்தான் கிரவுன் ஒரு சுத்து சுத்தும். அதுக்குள்ள ஷாஃப்ட்டு எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ.

அவன் குனிஞ்சு எண்ணுனான், நான் டயரைச் சுத்துனேன். அஞ்சு சுத்துக்கு ஒரு துளி கம்மி. 8-க்கு 39. என்ற பழைய ஜீப்புல இருந்த அதே பல்லு.

"அப்ப லிஃப்ட்டு வேண்டாமுங்களா மாமா?"ன்னு திரும்பவும் கேட்டான். பின் சக்கரத்தைக் கழட்டி டிரம்மைத் திறந்து காட்டுனேன். லைனிங் வழிச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, ரிவெட்டு டிரம்முல உரசிக் கோடு விழுந்து கிடக்குது. வண்டி இப்ப பிரேக் வேலைக்கு ஷெட்டுல நிக்குது. டயர் கடைக்கு இன்னும் போகலை.